அருகில்தான் இருப்பார்

2007 அக்டோபர் இறுதியில், டோக்கியோ நகரின் அசாகுசா பகுதியில் அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி மாலை நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போனார். மறதி நோய் இருந்தவர். நள்ளிரவுக்குப் பிறகு, அசாகுசாவிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதையில் வெகுதூரம் தள்ளியிருக்கும் தாதெபயாஷி என்ற ஊரில் போலீஸார் அவரைப் பத்திரமாக மீட்டார்கள். அது வேறு மாகாணம், வேறு காவல்துறை. தன் பெயரை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தேடல் பட்டியலில் அவர் பெயர் தவறாகப் பதிவாகிவிட்டது. டோக்கியோவில் குடும்பம் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. தாதெபயாஷியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் வேறொரு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தார். இப்படியே ஏறக்குறைய ஏழு வருடம் போயிற்று. 2014 மே மாதம் என்.எச்.கே. தொலைக்காட்சியில் அவரைக் காட்டிய பிறகுதான் கணவர் வந்து அவரைப் பார்த்தார்.

காணாமல்போன சில மணி நேரத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டவர் அவர். ஆளையும் வீட்டையும் இணைக்கும் தகவல்தான் ஏழு வருடம் தொலைந்து கிடந்தது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் நடைமேடையில் நின்று இதை யோசித்தால் வயிற்றைக் கலக்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி இது. இங்கிருந்து தெற்கே கிளம்பும் மின்சார ரயில் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று நின்று நின்று சென்னை சென்ட்ரல் போய்ச் சேர்கிறது. வடக்கே போகும் ரயிலில் ஏறினால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. அங்கே மாநிலமே மாறிவிடுகிறது. ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டம். டிக்கெட் எடுக்காமல், யாரிடமும் எதுவும் கேட்காமல், கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடும் ஒரு பெரியவர் தெற்கே போகும் ஒரே பயணத்தில் திருவள்ளூர் மாவட்டப் போலீஸ், ஆவடி மாநகரப் போலீஸ், சென்னை மாநகரப் போலீஸ் என்று எல்லைகளைக் கடந்துவிடுவார். ரயிலுக்குள் இருக்கும்வரை ரயில்வே போலீஸின் எல்லை. இவற்றில் எந்த நிலையத்தில் புகார் கொடுப்பது என்று குடும்பம் குழம்பி நிற்கும்போதே பொழுது சாய்ந்துவிடும்.

அவர் எப்படித் தொலைந்தார், எந்தத் திசையில் போயிருப்பார், எங்கே போய் நின்றிருப்பார் என்ற கேள்விகளுக்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளின் மூளை அறிவியல் கணிசமான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் ஆய்வேடுகளுக்குள்ளேயே இருக்கிறது. நம் தெருக்களில் தேடல் இன்னும் பதற்றத்தோடும், ஜோசியரிடம் வெற்றிலை வைத்துத் திசை கேட்பதோடும்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளியில் உயிர்கள் போகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மூளைக்குள் போவோம். நாம் எங்கே இருக்கிறோம் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் விசித்திரமான செல்களைக் கண்டார். எலி கூண்டின் ஒரு மூலைக்குப் போனால் ஒரு செல் துடிக்கும்; வேறு மூலைக்குப் போனால் வேறொரு செல். இடத்துக்கு ஒரு செல் என்று மூளை ஊரையே எழுதி வைத்திருக்கிறது. 2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் குழு அதற்குப் பக்கத்துப் பகுதியான என்டோரைனல் கார்டெக்ஸில் இன்னொரு வகைச் செல்லை அறிவித்தது. இந்த ஒற்றைச் செல் ஓரிடத்தில் மட்டும் துடிப்பதில்லை. எலி நடக்கும் தரையெங்கும் சம இடைவெளியில் பல புள்ளிகளில் துடிக்கிறது. அந்தப் புள்ளிகளைத் தாளில் குறித்துப் பார்த்தால், மார்கழி வாசலில் வைக்கும் இடைப்புள்ளிக் கோலம் அப்படியே வந்து நிற்கும்: இரண்டு புள்ளிக்கு நடுவே மேல் வரிசைப் புள்ளி, எங்கு பார்த்தாலும் சம முக்கோணம். நடந்த தூரத்தையும் திரும்பிய கோணத்தையும் மூளை இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மூவருக்கும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மறதி நோய்களில் மிகப் பரவலானது அல்சைமர். அதில் டௌ என்ற புரதம் நரம்பு செல்லுக்குள் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. இந்தச் சிக்கல் மூளையில் எந்த வரிசையில் பரவுகிறது என்பதை ஹைக்கோ பிராக், ஏவா பிராக் இருவரும் 1991-இல் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார்கள். கார்டெக்ஸில் அது முதலில் பிடிப்பது இந்த என்டோரைனல் பகுதியைத்தான். நோய் மிக லேசாக, குடும்பத்துக்கே சந்தேகமாக இருக்கும் கட்டத்தில் இறந்தவர்களின் மூளையை 1996-இல் எண்ணிப் பார்த்தபோது, அந்தப் பகுதியின் இரண்டாம் அடுக்கில் சுமார் 60 சதவீத நரம்பு செல்கள் ஏற்கெனவே அழிந்திருந்தன. பெயர் மறப்பதற்கும், சொன்னதையே சொல்வதற்கும் நாம் காத்திருக்கிறோம். அதற்கு முன்பே வழி அறியும் அந்த அடுக்கு பாதிக்குமேல் போய்விடுகிறது.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இது. கண்ணில் மெய்நிகர்க் கருவியை மாட்டிவிட்டு, ஒரு கூம்பு வரை நடக்கச் சொல்கிறார்கள். அங்கிருந்து திரும்பி இரண்டாவது கூம்பு வரை. பிறகு மூன்றாவது வரை. அந்தக் கூம்புகள் மறைந்துவிடுகின்றன. இப்போது முதல் கூம்பு இருந்த இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். ஆரோக்கியமான முதியவர் ஓரளவு சரியாக வந்து நிற்பார். லேசான மறதி உள்ளவர்களில், முதுகுத்தண்டு நீரில் அல்சைமர் தடயம் இருந்தவர்கள் அதிகமாகத் தவறினார்கள். தாளில் கேள்வி கேட்டு மதிப்பிடும் வழக்கமான தேர்வுகளைவிட இந்த நடை அவர்களை நன்றாகப் பிரித்துக் காட்டியது. ஒரு பெரியவர் உறவினர் வீட்டுக் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கூடத்துக்கு வராமல் வேறு அறைக்குள் நுழைந்து நிற்கிறாரா? கல்யாண மண்டபத்தில் கை கழுவிவிட்டு வந்து, உட்கார்ந்திருந்த இடம் தெரியாமல் விழிக்கிறாரா? அதை வயதின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுதான். மூளைக்கு வழி தெரிய இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று மேலே சொன்ன வரைபடம். மற்றது பழக்கம்: டீக்கடை வந்தால் இடப்பக்கம், பிள்ளையார் கோயில் வந்தால் வலப்பக்கம் என்று கால் தானே போகும் ஏற்பாடு. இது மூளையின் வேறு பகுதியில் இருக்கிறது. அல்சைமர் அதை எட்ட வெகுகாலம் ஆகும். அதனால் வரைபடம் முழுக்கக் கலைந்த பிறகும், தினமும் போன வழியில் அவர் பால் வாங்கி வந்துவிடுவார், கோயிலுக்குப் போய் வந்துவிடுவார். ஒருநாள் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி தெருவை அடைத்திருப்பார்கள். சுற்றிப் போக வேண்டும். சுற்றிப் போக வரைபடம் வேண்டும். அது இல்லை. “நேத்து வரைக்கும் தனியாத்தானே போயிட்டு வந்தாரு” என்று காவல் நிலையத்தில் மகன் சொல்வது முழு உண்மை. நேற்று வரை தெரு மாறவில்லை, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சுற்று வட்டாரத்தில் தெருக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சிப்காட் வளாகம், தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட், திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, நடுவே கொல்கத்தா போகும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழுந்திருக்கிறது. ஏரிக்கரைப் பாதையைக் குறுக்கே வெட்டிச் சாலை போகிறது. சாலை நடுவே தடுப்பு வைத்து, எதிரே தெரியும் கடைக்கே வெகுதூரம் சுற்ற வைக்கிறார்கள். நல்ல நினைவுள்ள எழுபது வயதுக்காரருக்கே இது சிரமம்.

நோய் முற்ற முற்ற அண்மைக்கால நினைவு முதலில் போய், பழைய நினைவு கடைசி வரை நிற்கும். பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881-லேயே இதை ஒரு விதியாகச் சொன்னார். ஆகவே பெரியவரின் தலைக்குள் மிஞ்சியிருக்கும் ஊர், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஊர். சொந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே “வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு” என்று அவர் எழுந்தால், அவர் சொல்லும் வீடு அப்பா அம்மா இருந்த ஓட்டு வீடு. அது பூண்டி பக்கமோ, ஊத்துக்கோட்டை பக்கமோ, ஆந்திரத்தில் சூளூர்ப்பேட்டையோ இருக்கலாம். ஆலையில் வேலை பார்த்தவராக இருந்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் முனைக்குப் போய் நிற்பார். அவர் கண்ணில் அவர் அலையவில்லை. வேலைக்குப் போகிறார். மாலையில் இந்தத் தவிப்பு கூடுவதற்கும் காரணம் உண்டு: பகல் இரவைப் பிரித்துக் காட்டும் மூளைக் கடிகாரமும் நோயில் பழுதாகிறது.

இவ்வளவு நடந்தும் வீட்டுக்கு ஏன் தெரிவதில்லை? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைத் தாண்டிய 1,000 பேரைச் சோதித்தார்கள். அமெரிக்க மனநல அளவுகோலின்படி பார்த்தபோது மறதி நோய் 0.8 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. ஏழை நாடுகளின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைத்த 10/66 அளவுகோலில் 10.6 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒரே மனிதர்கள், ஒரே நேரம். வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் நம் வீடுதான். அமெரிக்க அளவுகோல், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று குடும்பத்தைக் கேட்கிறது. இங்கே மருமகள் தட்டில் சோறு போட்டு வைத்துவிடுகிறாள், பேரன் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான், வரவுசெலவு எப்போதோ மகன் கைக்குப் போய்விட்டது. “வயசானா அப்படித்தான்” என்று பதில் வருகிறது. அன்பு நோயை மறைத்துவிடுகிறது. அந்த அன்பான கைகள் ஒருநாள் ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் கதவு திறந்திருக்கும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் கணக்கில், இந்த நோயுள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒருமுறையாவது இப்படி வெளியேறிவிடுகிறார்கள்.

இனி தேடல். 2018-இல் வந்த ‘60 வயது மாநிறம்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, தொலைந்துபோன அப்பாவைத் தேடும் மகனின் பதற்றம் நினைவிருக்கும். நிஜத்தில் அந்தப் பதற்றம் நம்மைத் தவறான இடத்துக்குத்தான் துரத்துகிறது. மூத்த பிள்ளை பைக்கில் கோயம்பேடு போவான். தம்பி சென்ட்ரல் ஸ்டேஷன். மைத்துனர் திருத்தணி மலை. அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தால் சிறுவாபுரி முருகன் கோயில், அமாவாசையாக இருந்தால் திருவள்ளூர் வீரராகவர் குளக்கரை. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புதரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ராபர்ட் கோஸ்டர் என்ற அமெரிக்கர், தொலைந்தவர்களைத் தேடும் பணியையே ஆய்வாக்கியவர். சிறுவர், வேட்டைக்காரர், மலையேறி, மறதி நோயாளி என்று ஒவ்வொரு வகையினரும் எப்படித் தொலைகிறார்கள் என்று ஆயிரக்கணக்கான தேடல்களைத் தொகுத்து 2008-இல் நூலாக்கினார். மறதி நோயாளியைப் பற்றி அவர் சொல்வதைத் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் ஒட்டி வைக்கலாம். கால்நடையாகப் போனவர்களில் பெரும்பாலோர் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே கிடைக்கிறார்கள். போகும் திசையில் போய்க்கொண்டே இருப்பார்கள். முன்னால் ஏதாவது தடுத்துச் சிக்கிக்கொள்ளும் இடத்தில் நிற்பார்கள். பாதையை விட்டு இறங்கி முட்புதரிலோ ஓடையிலோ மாட்டிக்கொள்வார்கள். உதவி கேட்டுக் கத்த மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்க மாட்டார்கள்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். இருபது பேர் டார்ச் அடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டே போகிறார்கள். பத்தடி தள்ளி சீமைக் கருவேலப் புதருக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார். குரல் கேட்கிறது. அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தெரியவில்லை, அல்லது யாரோ துரத்துகிறார்கள் என்று பயந்து இன்னும் உள்ளே ஒடுங்குகிறார். தேடியவர்கள் அந்த இடத்தைப் ‘பார்த்தாயிற்று’ என்று கணக்கில் வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். அதனால் கூப்பிட்டுக்கொண்டே நடப்பது தேடல் ஆகாது. ஒவ்வொரு புதரையும் விலக்கி, ஒவ்வொரு கல்வெர்ட்டுக்குக் கீழும் குனிந்து, கட்டி முடிக்காத வீட்டின் ஒவ்வொரு அறையிலும் காலை வைத்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைச் சுற்றுச்சுவருக்கும் வடிகாலுக்கும் நடுவிலுள்ள சந்து, நிறுத்தி வைத்த டிரெய்லர் லாரிகளின் இடுக்கு, ஏரியின் மதகு, பம்ப்செட் அறை, சொந்த வீட்டின் மொட்டை மாடி, பூட்டாத கார். இவைதான் முதல் ஒரு மணி நேரத்துக்கான இடங்கள். ஜப்பானில் இறந்து கிடைத்தவர்களைப் பற்றி அங்குள்ள போலீஸ் ஆராய்ந்ததிலும், பெரும்பாலோர் கிளம்பிய இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், ஆற்றிலும் கால்வாயிலும் காட்டிலும் கிடந்தது தெரிந்தது. ஏரியும் குளமும் கால்வாயும் ஆரணியாறும் கொசஸ்தலையும் உள்ள மாவட்டத்தில் நீர்நிலைக்கு முதலில் ஆள் அனுப்புவது கட்டாயம்.

முதல் ஒரு மணி நேரம் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த தேடல்களை கோஸ்டர் 1995-இல் ஆராய்ந்தபோது, 24 மணி நேரத்துக்குள் கிடைத்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருந்தார்கள். நம் ஊரில் அந்த 24 மணி நேரமே மிகை என்பேன். தமிழ்நாட்டின் வெயில் பட்டியலில் திருத்தணி அடிக்கடி முதலிடத்தில் வரும். முதியவருக்குத் தாகம் இயல்பாகவே மந்தம். மறதி நோய் உள்ளவருக்குத் தண்ணீர் கேட்கவும் தோன்றாது. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் காலையில் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் நடந்தால், மதியத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கி விழலாம். வழியில் பார்ப்பவர் குடிபோதை என்று நினைத்து ஒதுங்கிப் போவார்.

“ஒரு நாள் பாத்துட்டு வாங்க, தானா வந்துருவாரு” என்ற அறிவுரையைக் கேட்டுத் திரும்ப வேண்டாம். காணவில்லை என்ற புகாருக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதியலாம் என்கிறது. காணாமல்போனவரின் புகாரிலும் அதே மனப்பாங்கு வேண்டும். அதைவிட முக்கியமானது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநோய் என்பதற்கு அது தரும் வரையறையில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு, இடம் காலம் அறியும் திறனிலும் நினைவிலும் ஏற்படும் கடுமையான கோளாறும் சேர்ந்திருக்கிறது. ஆகவே வழி தவறி நிற்கும் மறதி நோயாளியும் இந்தச் சட்டத்துக்குள் வருவார். அப்படி ஒருவரைத் தன் எல்லையில் கண்டால் பாதுகாப்பில் எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஆதரவற்றவராகத் திரிந்தால் காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்று 100-ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் கடமை விதிக்கிறது. இது கருணையால் செய்யும் உதவி இல்லை, சட்டக் கடமை. சென்னையில் 2021 முதல் ‘காவல் கரங்கள்’ என்ற அமைப்பின் வழியாகப் போலீஸ் தெருவில் கிடப்போரை மீட்டுக் குடும்பத்தோடு சேர்த்துவருகிறது. எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் உள்ள நிலையங்களுக்கு நடுவே அப்படி ஒரு கை நீள வேண்டும்.

எல்லை என்றதும் மொழி நினைவுக்கு வருகிறது. இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். சிறுவயது மொழிதான் நோயாளியிடம் கடைசி வரை நிற்கும். பின்னால் படித்த மொழி முதலில் நழுவும். நாற்பது வருடம் தமிழ் பேசிய பாட்டி பயந்துபோன நேரத்தில் தெலுங்கில் மட்டும் முனகலாம். அவரை முதலில் பார்ப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளியாக இருக்கலாம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. முன்பு “இது இன்னார் வீட்டுத் தாத்தாவாச்சே” என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்ட ஊர் இது. அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. வந்தவர்களைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரியும்படி செய்ய வேண்டியது நம் பொறுப்பு. சட்டைக் காலரின் உள்பக்கம், சேலை முந்தானை மடிப்பில், ஒரு தொலைபேசி எண்ணை அழியாத மையில் எழுதிவைத்தால் எந்த மொழிக்காரரும் அழைக்க முடியும். எண்களுக்கு மொழி தடையில்லை.

வீட்டைப் பூட்டி வைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் பக்கத்திலேயே ஆள் இருந்தாலும் ஒரு கணத்தில் நழுவிவிடுவார்கள். 2007 டிசம்பரில் ஜப்பானின் ஓபு நகரில் 91 வயது மறதி நோயாளி ஒருவர், பக்கத்தில் இருந்த 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் வெளியே போய் ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமானதற்கு இழப்பீடாகச் சுமார் 72 லட்சம் யென் கேட்டு ரயில்வே நிறுவனம் குடும்பத்தின் மீதே வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் கட்டச் சொன்னது, மேல்முறையீட்டில் பாதியானது, 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் குடும்பம் பொறுப்பில்லை என்றது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். மனைவி செய்த ஒரே குற்றம் தூங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஆளை ஒரு ஆள் கண்கொட்டாமல் பார்த்துக்கொள்ள முடியாது. பூட்டிய வீட்டில் அடுப்பு பற்றினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். பூட்டுக்கு முன் காரணத்தைத் தேடலாம்: மலச்சிக்கல், மூட்டு வலி, பசி, சலிப்பு, சிறுநீர் கழிக்க இடம் தெரியாமை. சொல்லத் தெரியாத தேவைதான் பல நேரம் கால்களை நகர்த்துகிறது. காலையில் ஒரு மணி நேரம் கூடவே நடத்திக் கூட்டி வந்தால் மாலைத் தவிப்பு குறையும். திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழப்பம் வந்து ஓடப் பார்க்கிறார் என்றால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, சோடியம் குறைவாகவோ, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தமாகவோ இருக்கலாம். இவை எல்லாம் குணமாகக் கூடியவை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்துப் போலீஸில் ஹெர்பர்ட் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. நார்மண்டிப் படையிறக்கத்தில் பங்கெடுத்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற பழைய சிப்பாய், மறதி நோயோடு வாழ்ந்தவர். அவர் பெயரில் நார்ஃபோக்கில் தொடங்கியது. ஒரே ஒரு படிவம்தான். ஆள் தொலைவதற்கு முன்பே குடும்பம் அதை நிரப்பி வைத்திருக்கும்: அண்மைப் புகைப்படம், சிறுவயதில் இருந்த ஊர், வேலை பார்த்த இடங்கள், வழக்கமாகப் போகும் கோயில், எடுக்கும் மருந்து, முன்பு எங்கே கண்டுபிடித்தார்கள் என்ற விவரம். பதற்றத்தில் யாருக்கும் இதெல்லாம் வாயில் வராது. இதைத் தமிழில் செய்ய ஒரு முழு வெள்ளைத்தாள் போதும். அவருடைய சிறுவயது அழைப்புப் பெயரையும், எந்த மொழியில் பேசினால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

ஜப்பானில் மறதி நோயுள்ளவர்கள் காணாமல்போனதாகப் போலீஸுக்கு வந்த தகவல்கள் 2012-இல் 9,607, 2023-இல் 19,039. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ கிடைத்துவிடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் ஊரின் உழைப்பு இருக்கிறது. ஒமுதா என்ற நகரம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களால் வாழ்ந்த தொழில் நகரம். 2004 முதல் அங்கே ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கிறது. ஒருவர் வழி தவறிய முதியவராகத் தெருவில் நடப்பார். தகவல் போன கடைக்காரர்கள், டாக்சி ஓட்டுநர்கள், பள்ளிப் பிள்ளைகள் அவரிடம் போய்ப் பேசிப் பழகுவார்கள். முன்னால் வந்து, மெதுவாக, கண்ணைப் பார்த்துப் பேசுவது. ‘உங்கள் வீடு எது’ என்று குறுக்கு விசாரணை செய்யாதிருப்பது. சொல்வதை மறுக்காமல் கூட நடப்பது. நம் ஊர் என்றால், “வாங்க பெரியவரே, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்” என்பது போதும்.

இதைச் செய்யக் கும்மிடிப்பூண்டியிலும் ஒரு வசதி இருக்கிறது. சிப்காட்டின் தொழிற்சாலை வாசல்களில் இரவும் பகலும் விழித்திருக்கும் காவலாளிகள் இருக்கிறார்கள், சாலையைப் பார்த்தபடி கேமரா இருக்கிறது. சம்பளம் குறைந்த, நீண்ட நேரம் நிற்கும் வேலை அது. அவர்களில் பலர் வெளிமாநிலத்தவர், சிலர் தாங்களே அறுபதை நெருங்கியவர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சட்டையைத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போகும் பெரியவரைப் பார்க்கக்கூடிய கண்கள் அந்த நேரத்தில் அவர்களுடையவைதான். தொழிற்சாலை நிர்வாகங்கள் அவர்களுக்குத் தமிழிலும் இந்தியிலும் ஒரு மணி நேரப் பயிற்சி தரட்டும். காவல் நிலையம் தன் எல்லையிலுள்ள வாசல்களையும், ஸ்டேஷன் மாஸ்டரையும், ஆட்டோ ஸ்டாண்டையும், எல்லைக்கு அப்பால் தடா காவல் நிலையத்தையும் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் சேர்க்கட்டும். கேமராப் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும் என்பதால், கேட்ட அன்றே காட்டும் வழக்கம் வரட்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த நோய் உள்ளவர் இருந்தால், மேலே சொன்ன தாளை இன்றைக்கே எழுதி, அண்மைப் புகைப்படத்தோடு கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். சட்டைக் காலரில் எண்ணை எழுதுங்கள். ஆள் இல்லை என்று தெரிந்த நிமிடமே 112-ஐ அழையுங்கள். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. ஒருவர் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் போகட்டும். மற்ற எல்லாரும் வீட்டைச் சுற்றித் தேடுங்கள்.